டோம் தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி: எல்லாரும் கேக்குற கேள்விகள்

சயின்ஸ் மியூசியத்துல கவுத்து வச்ச பெரிய கிண்ணம் மாதிரி ஒரு தியேட்டர் இருக்கும்ல, அங்க போகப்போறோம்னு யாராவது முடிவு பண்ணா உடனே என்கிட்ட தான் வந்து கேப்பாங்க, நானும் பதில் சொல்லி சொல்லி ஓஞ்சு போயி சரி எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் ஆபரேட்டரும் இல்ல, சயின்டிஸ்ட்டும் இல்ல. முதல் தடவை போனப்போ ஆசை ஆசையா ஓடிப்போயி முதல் வரிசைல உக்காந்துட்டு பாதிப் படத்துக்கு மேல கண்ண மூடிட்டே கிடந்த ஆளு. அதனால சீட்டைப் பத்தி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாவே பேசுவேன், பொறுத்துக்கோங்க.

ஸ்க்ரீன் பெருசா இருக்கும், அவ்ளோதானே? இதுக்கு எதுக்கு இவ்ளோ பில்டப்பு?

பெருசுங்கறது மேட்டரே இல்லங்க. சாதாரண தியேட்டர்ல ஸ்க்ரீன் எவ்ளோ பெருசா இருந்தாலும் அதுக்கு நாலு ஓரம் இருக்கு, அந்த ஓரத்தைத் தாண்டி செவுரு தெரியுது, "எக்ஸிட்"னு லைட்டு தெரியுது, அதனால நம்ம மூளை இது வெறும் படம் தான்னு தெளிவா இருக்கு. டோம்ல அந்த ஓரம் காணாமப் போயிடும். டோம்ல படம் ஓட்டறதுக்குன்னே செஞ்ச ஆம்னிமேக்ஸ்ங்கற சிஸ்டத்தை டிசைன் பண்ணப்பவே டோமோட நடு மையத்துல இருக்கறவருக்கு பக்கவாட்டுல 180 டிகிரி, மேல 100 டிகிரி, கீழ 22 டிகிரி வரைக்கும் படம் தெரியற மாதிரி தான் கணக்குப் போட்டிருக்காங்க. மேல 100 டிகிரின்னா உச்சந்தலைக்கு நேர் மேலயும் தாண்டி கொஞ்சம் பின்னாடி வரைக்கும் போகுதுன்னு அர்த்தம். 

நம்ம ஓரக்கண்ணு இருக்கு பாருங்க, அது எழுத்துப் படிக்கவோ மூஞ்சிய அடையாளம் கண்டுபிடிக்கவோ லாயக்கில்ல, ஆனா அசைவைப் பிடிக்கறதுல கில்லாடி, நாம விழாம நேரா நிக்கறதுல அதுக்கும் ஒரு பங்கு இருக்கு. டோம் பிடிக்கறது அந்த ஓரக்கண்ணைத் தான். அதான் ஹெலிகாப்டர் சாயறப்போ நாமளும் சேர்ந்து சாயறோம், பக்கத்துல இருக்கறவங்க கையப் பிடிச்சுக்கறோம்.

ஐமேக்ஸ், ஆம்னிமேக்ஸ், ஐமேக்ஸ் டோம், பிளானட்டேரியம், ஃபுல்டோம்... எல்லாம் ஒண்ணா வேற வேறயா?

ஐமேக்ஸ்ங்கறது ராட்சச ஸ்க்ரீன்ல படம் காட்டற சிஸ்டம், கனடாக்காரங்களோட கண்டுபிடிப்பு, முதல்ல காட்டினது 1970ல ஜப்பான்ல ஒசாகா உலகக் கண்காட்சில. அது தட்டையான ஸ்க்ரீன். அமெரிக்காவுல சான் டியாகோல ரூபன் ஃப்ளீட் பேருல ஒரு ஸ்பேஸ் தியேட்டர் கட்டினப்போ ஒரே டோம்ல நட்சத்திரமும் காட்டணும், படமும் ஓட்டணும், டோமும் சாய்வா இருக்கணும்னு கேட்டாங்க, அப்படி 1973ல பொறந்தது தான் ஆம்னிமேக்ஸ். பின்னாடி அதுக்கே ஐமேக்ஸ் டோம்னு பேரு வச்சுட்டாங்க. ஆக அந்த ரெண்டும் ஒண்ணு தான்.

பிளானட்டேரியம், அதாவது கோளரங்கம், ஆம்னிமேக்ஸை விட 50 வருஷம் மூத்தது, ஜெர்மனில ஸைஸ் கம்பெனி செஞ்ச நட்சத்திர ப்ரொஜெக்டரை 1923ல ம்யூனிக் நகரத்துல போட்டுக் காட்டினாங்க. பழைய பிளானட்டேரியம்ல டோம் படுக்கையா இருக்கும், சுத்தி வட்டமா உக்காந்து நிமிர்ந்து பார்ப்போம். படம் ஓட்டற டோம்ல கிண்ணத்தை நம்ம பக்கமா சாய்ச்ச மாதிரி இருக்கும், சீட்டெல்லாம் படிக்கட்டு மாதிரி அடுக்கா ஒரே பக்கம் பார்த்து இருக்கும். ஃபுல்டோம்னா டிஜிட்டல்ல மொத்த டோமையும் நிரப்பற வீடியோ. இப்ப நிறைய எடத்துல ஒரே டோம்லயே எல்லாத்தையும் காட்டறாங்க, அதனால பேரை வச்சு ரொம்ப குழப்பிக்காதீங்க.

எந்த சீட்ல உக்காரணும்?

இதுக்காகத் தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பிச்சேன். பின்னாடி, நடுவுல. அவ்ளோ தான், மத்ததெல்லாம் இதுக்கு விளக்கம்.

படம் போடற லென்ஸ் டோமோட மையத்துக்குப் பக்கத்துல இருக்கும், அது ஃபிஷ் ஐ லென்ஸ், அதாவது படத்தை ரொம்ப அகலமா விரிச்சுக் காட்டற லென்ஸ். அந்த லென்ஸ் நிக்கற எடத்துலேர்ந்து பார்த்தா தான் படத்துல இருக்கற கோடெல்லாம் கோடா இருக்கும், அடிவானம் நேரா இருக்கும். அதை விட்டு எவ்ளோ தள்ளி உக்காருறீங்களோ அவ்ளோ வளைஞ்சு தெரியும். ஓரத்து சீட்ல உக்காந்தா கட்டடமெல்லாம் உங்க மேல சாயற மாதிரி இருக்கும், கடல் ஒரு பக்கமா சரியும். முதல் நாலஞ்சு வரிசைன்னா கேக்கவே வேணாம், காட்சில முக்கியமான விஷயம் எல்லாம் உங்க நெத்திக்கு மேல எங்கயோ நடக்கும், கழுத்தை நிமித்தி நிமித்தி படம் முடியறப்போ பிடரி புடிச்சுக்கும். முதல் வரிசைன்னா கிட்டத்துல பார்க்கலாம்னு நினைச்சு போனவன் தான் நானும், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு ஒட்டகச்சிவிங்கியோட தாடை மட்டும் தான்.

சில எடத்துல சீட் நம்பர் கிடையாது, கதவைத் திறந்ததும் உள்ள போயி உக்கார வேண்டியது தான். அங்க ஒரு தந்திரம் இருக்கு. ஒரு பக்கக் கதவு வழியா விட்டு, வரிசைல கடைசி வரைக்கும் தள்ளிப் போங்கன்னு சொல்லுவாங்க, அப்ப க்யூல முதல்ல நின்ன புத்திசாலி நேரா அந்தக் கோடிக்குப் போயி உக்காந்துருவாரு. அதனால க்யூல முதல் ஆளா நிக்கணும்னு அடிச்சுக்காதீங்க, உங்களுக்கு முன்னாடி ஒரு பத்து பேரு போகட்டும், நீங்க அவங்க பின்னாடியே போனா தானா நடுவுக்கு வந்து சேருவீங்க. பாதிக் கூட்டம் தான்னா கவலையே இல்ல, நேரா மேல ஏறிடுங்க.

பின்னாடி நடுவுலன்னாலும் ப்ரொஜெக்டர் கூண்டு நிக்கற எடத்துக்கு நேர் பின்னாடி சீட்டு கிடைச்சா ஒரு தடவை உக்காந்து பார்த்துட்டு முடிவு பண்ணுங்க, சில எடத்துல அது கொஞ்சம் மறைக்கும்.

எனக்குப் பஸ்ல போனாலே குமட்டும், டோம்ல தலை சுத்துமா?

சுத்தலாம். எல்லாருக்கும் இல்ல, ஆனா பஸ், படகு, மலைப்பாதை எல்லாம் ஒத்துக்காதவங்களுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. காரணம் பஸ்ல நடக்கறதுக்கு நேர் எதிர். பஸ்ல உக்காந்து புத்தகம் படிக்கறப்போ உடம்பு ஆடுதுன்னு உள்காது சொல்லுது, கண்ணு ஆடலைன்னு சொல்லுது. டோம்ல கண்ணு நாம பறக்கறோம்னு சொல்லுது, உள்காது நீ சீட்ல தான்டா உக்காந்திருக்கன்னு சொல்லுது. ரெண்டு பேரும் சண்டை போட்டா அடி வாங்கறது வயிறு.

என்ன பண்ணலாம்னா, ரொம்பப் பசியோடவும் போகாதீங்க, வயிறு முட்ட சாப்பிட்ட கையோடவும் போகாதீங்க. தலையைச் சீட்ல நல்லா சாய்ச்சு அசையாம வச்சுக்கோங்க, தலையை அங்கயும் இங்கயும் திருப்பறது தான் பாதிக் கேடு. வருதுன்னு தோணின உடனே கண்ண மூடிடுங்க, ஒரு பத்து இருபது செகண்ட், பறக்கற காட்சி முடிஞ்சதும் திறங்க. இது கௌரவப் பிரச்சினை எல்லாம் இல்ல, உங்க பக்கத்துல வீரமா உக்காந்திருக்கறவரும் மூடிட்டு தான் இருப்பாரு, இருட்டுல உங்களுக்குத் தெரியல. கண்ண மூட மனசு வரலைன்னா முன் சீட்டோட முதுகைப் பாருங்க, அசையாத ஒரு பொருள் கண்ணுல பட்டாலே பாதி சரியாகும். மாத்திரை போடறதுன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு முன்கூட்டியே போடணும், தலை சுத்த ஆரம்பிச்ச அப்புறம் முழுங்கி பெருசா பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு, எந்தப் படம்னு பாருங்க. விமானம், மலையேத்தம், கார் ரேஸ் மாதிரி படம்னா கேமரா பாஞ்சுக்கிட்டே இருக்கும். கடலுக்கு அடில எடுத்தது, மிருகங்களைப் பத்தினதுன்னா பெரும்பாலும் மெதுவா போகும். முதல் தடவைன்னா ரெண்டாவது வகைல ஆரம்பிங்க.

சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போலாமா?

வயசு ரூல் எடத்துக்கு எடம் மாறும், டிக்கெட் எடுக்கறப்பவே கேட்டுடுங்க. என் அனுபவத்துல வயசை விட குழந்தையோட சுபாவம் தான் முக்கியம். நாலு வயசுக் குழந்தை வாயப் பிளந்துட்டு பார்த்ததையும் பார்த்திருக்கேன், ஒன்பது வயசுப் பையன் லைட்டு அணைஞ்ச நிமிஷமே அம்மா மடில ஏறினதையும் பார்த்திருக்கேன். பயப்பட வைக்கறது படம் இல்ல, சத்தம் தான். ஸ்பீக்கர் நாலா பக்கமும் தலைக்கு மேலயும் இருக்கு, ராக்கெட் கிளம்பினா சீட்டே அதிரும். காதை மூடற ஹெட்ஃபோன் மாதிரி குழந்தைங்களுக்குன்னே விக்கிறாங்க, இருந்தா எடுத்துட்டுப் போங்க. கைக்குழந்தை இருந்தா வழிப்பாதை ஓரத்துல கதவுக்குப் பக்கமா உக்காருங்க, அங்க மட்டும் நான் மேல சொன்ன நடு சீட்டு விதி செல்லாது. தள்ளுவண்டியை வெளிய தான் விடணும்.

போறதுக்கு முன்னாடியே "பயமா இருந்தா கண்ண மூடிக்கோ, உடனே போயிடும்"னு சொல்லி வையுங்க. நிறுத்தறதுக்கு ஒரு ஸ்விட்ச் தன்கிட்டயே இருக்குன்னு தெரிஞ்சா பசங்க தைரியமா இருப்பாங்க.

படி ஏற முடியாதவங்க, வீல்சேர்ல வர்றவங்க?

உள்ள படிக்கட்டு செங்குத்தா இருக்கும், முன்னாடி இருக்கறவர் தலை மறைக்கக் கூடாதுன்னு அப்படி கட்டியிருக்காங்க, மேலேர்ந்து கீழ பார்த்தா உயரம்னா பயப்படறவங்களுக்கு படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு மாதிரி இருக்கும். முட்டி வலி உள்ளவங்க எந்தக் கதவு எந்த வரிசைக்குப் போகுதுன்னு முன்னாடியே ஸ்டாஃப்கிட்ட கேளுங்க, மேல்மட்டக் கதவுக்கு லிஃப்ட்டு இருந்தா படியே ஏற வேணாம். வீல்சேர் எடம் பொதுவா கொஞ்சமா தான் இருக்கும், ஒண்ணு ரொம்ப மேல, இல்லைன்னா ரொம்பக் கீழ. ரெண்டும் இருந்தா மேல கேட்டு வாங்குங்க.

லேட்டா போனா உள்ள விடுவாங்களா?

பெரும்பாலும் விட மாட்டாங்க. இருட்டுல அந்தப் படில யாராவது உருண்டா என்ன ஆகும்னு யோசிச்சா கோவம் வராது. நடுவுல எழுந்து போறதும் அதே கதை தான், முடியலைன்னா டார்ச் வச்சிருக்கற ஸ்டாஃபைக் கூப்பிடுங்க, தடவித் தடவி எறங்காதீங்க.

ஃபோன்ல ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாமா?

எடுக்க விட மாட்டாங்கங்கறது ஒரு பக்கம், எடுத்தாலும் ஒண்ணும் தேறாது. உங்களைச் சுத்தி இருக்கற படத்தை உள்ளங்கை அகல ஃபோன் எப்படி பிடிக்கும்? அப்புறம் டோம்ல வெளிச்சம்ங்கறது சாதாரண தியேட்டர் மாதிரி இல்ல. ஸ்க்ரீன் வளைஞ்சு இருக்கறதால ஒரு பக்கம் விழற வெளிச்சம் அங்கேர்ந்து தெறிச்சு எதிர்ப் பக்கம் போயி விழும், இடது பக்கம் பனிமலை வந்தா வலது பக்க ராத்திரி வானம் வெளுத்துப் போகும். இதுக்காகவே டோமை வெள்ளையா அடிக்காம சாம்பல் கலர்ல தான் அடிக்கறாங்க. அவங்க இவ்ளோ கஷ்டப்பட்டு இருட்டைக் காப்பாத்தி வச்சிருக்காங்க, நீங்க அதுல போயி ஃபோனை ஆன் பண்றீங்க. அடுக்கு சீட்டுல உங்களுக்குப் பின்னாடி இருக்கற அத்தனை பேருக்கும் அது தெரியும்.

ஸ்க்ரீன் முழுக்க பொடிப்பொடியா ஓட்டையாமே?

ஆமா, நிஜமாவே. அது துணி இல்ல, அலுமினியத் தகட்டைத் துண்டு துண்டா சேர்த்து கட்டினது, அதுல பூராவும் சின்ன ஓட்டை. ஸ்பீக்கர் எல்லாம் ஸ்க்ரீனுக்குப் பின்னாடி இருக்கு, ஓட்டை இல்லைன்னா சத்தம் அந்தப் பக்கமே நின்னுடும். சில எடத்துல படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டோமுக்குப் பின்னாடி லைட்டைப் போட்டுக் காட்டுவாங்க, அதுவரைக்கும் கெட்டியான செவுரா இருந்தது திடீர்னு வலை மாதிரி ஆயிடும், பின்னாடி இரும்புச் சட்டமும் பெரிய பெரிய ஸ்பீக்கரும் தெரியும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவாவது சீக்கிரம் போயி உக்காருங்க, எனக்கு சில படத்தை விட அது தான் ஞாபகம் இருக்கு.

படம் எப்படி ஓடுது? ப்ரொஜெக்டர் எங்க இருக்கு?

ஃபிலிம் ஓடற எடம்னா இது தான் மொத்த விஷயத்துலயே எனக்குப் பிடிச்ச பகுதி. 70 மில்லிமீட்டர் அகல ஃபிலிம், ஆனா சாதாரண ப்ரொஜெக்டர் மாதிரி மேலேர்ந்து கீழ ஓடாது, படுக்கையா பக்கவாட்டுல ஓடும். ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஃபிலிம்ல இருக்கற ஒரு தனிப்படத்துக்கு, ஃபிலிம் ஓரத்துத் துளைக் கணக்குல 15 துளை நீளம், அதனால ஒவ்வொரு ஃப்ரேமும் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம் இருக்கும், சின்ன விசிட்டிங் கார்டு சைஸ்னு வச்சுக்கோங்க. இப்படி செகண்டுக்கு 24 ஃப்ரேம். கணக்குப் போட்டா செகண்டுக்கு 1.7 மீட்டர் ஃபிலிம் ஓடுது, 40 நிமிஷப் படத்துக்கு 4 கிலோமீட்டர் ஃபிலிம். 

இவ்ளோ பெரிய ஃபிலிமை பல்சக்கரத்துல மாட்டி வெடுக் வெடுக்குனு இழுத்தா துளை கிழிஞ்சுடும். அதுக்கு ரோலிங் லூப்னு ஒரு வழி இருக்கு, ஆஸ்திரேலியாக்காரர் ரான் ஜோன்ஸ் கண்டுபிடிச்சது, அந்த உரிமையை ஐமேக்ஸ் காரங்க வாங்கிக்கிட்டாங்க. ஃபிலிம் ஒரு அலை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு நகரும், ஒவ்வொரு ஃப்ரேமும் லென்ஸ் முன்னாடி மெதுவா படிஞ்சு உக்காரும், அசையாம இருக்க காத்தை உறிஞ்சி ஒரு கண்ணாடில ஒட்ட வச்சுக்கும். விளக்கு 15,000 வாட்ஸ் ஸெனான், அது சூடாகி வெடிக்காம இருக்க தண்ணி ஓட்டிக் குளிர வைக்கணும்.

ப்ரொஜெக்டர் ரூம் சீட்டுகளுக்கு அடில இருக்கும். பல எடத்துல ஷோ நேரத்துக்கு ப்ரொஜெக்டரே லிஃப்ட்ல ஏறி சீட்டுகளுக்கு நடுவுல வந்து நிக்கும். சில மியூசியத்துல அந்த ரூமுக்குக் கண்ணாடி ஜன்னல் வச்சிருக்காங்க, வெளிய க்யூல நிக்கறப்போ ஃபிலிம் படுக்கையா சுத்தற பெரிய தட்டைப் பார்க்கலாம், இருக்கான்னு ஸ்டாஃப்கிட்ட விசாரிங்க.

இப்ப எல்லாம் டிஜிட்டல் தானே, அப்ப எது நல்லாருக்கும்?

நிறைய எடம் டிஜிட்டலுக்கு மாறியாச்சு, சில எடத்துல லேசர். ஃபிலிம்ல இருக்கற நுணுக்கம் தனி, ஒரு மரத்துல இருக்கற இலையை எண்ணலாம் போல இருக்கும், ஆனா கீறல், தூசி, லேசான ஆட்டம் எல்லாம் சேர்ந்து வரும். டிஜிட்டல்ல அந்தத் தொல்லை இல்ல, நட்சத்திரக் காட்சிக்கும் மிருதுவான நகர்வுக்கும் அது தேவலாம், ஆனா பழைய மெஷினா இருந்தா இவ்ளோ பெரிய டோம்ல நீட்டினதுல படம் மங்கி கட்டம் கட்டமா தெரியும். எனக்கு ஓட்டு ஃபிலிமுக்குத் தான். இன்னும் ஃபிலிம் ஓட்டற டோம் கண்ணுல பட்டா விடாதீங்க, அதோட எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வருது.

3டி கண்ணாடி குடுப்பாங்களா?

பெரும்பாலும் இல்ல. 1990லயே ஒசாகால டோம்ல 3டி காட்டினாங்க, பேட்டரி கண்ணாடி எல்லாம் போட்டு, ஆனா அது பரவலா வரல. தேவையும் இல்லங்க, ஓரம் தெரியாத படத்துல மூளை தானாவே ஆழத்தைக் கற்பனை பண்ணிக்கும். பார்த்துட்டு வந்தவங்க பாதிப் பேரு "3டி சூப்பர்"னு தான் சொல்லுவாங்க, கண்ணாடியே போடலைன்னு ஞாபகப்படுத்தினா முழிப்பாங்க.

40 நிமிஷத்துல முடிஞ்சிடுதே, ஏமாத்தற மாதிரி இல்ல?

முதல் தடவை எனக்கும் அப்படித் தான் தோணுச்சு. ஆனா காரணம் இருக்கு. ஃபிலிம் கேமரால ஒரு ரோல் மாட்டினா 3 நிமிஷம் தான் ஓடும், கேமராவோ பயங்கர கனம், அந்தக் கேமராவை 1984லேர்ந்து விண்வெளி ஓடத்துல கூட ஏத்தி அனுப்பி விண்வெளி வீரர்களே படம் பிடிச்சாங்க, எடுத்த ஒவ்வொரு நிமிஷமும் அவ்ளோ பாடு. மியூசியத்துக்கும் மணிக்கு ஒரு ஷோ விட்டா தான் ஸ்கூல் பசங்க கூட்டத்தைச் சமாளிக்க முடியும். அதோட கண்ணும் கழுத்தும் 40 நிமிஷத்துக்கு மேல தாங்காது, நம்புங்க.

கவனிச்சுப் பாருங்க, டோம் படத்துல காட்சிகள் டக் டக்னு மாறாது, ஒவ்வொண்ணும் நின்னு நிதானமா போகும். எங்க பார்க்கணும்னு நம்ம கண்ணு தேடிக் கண்டுபிடிக்கவே சில செகண்டு ஆகும், அதுக்குள்ள மாத்திட்டா ஒண்ணும் புரியாது. மூஞ்சியை ரொம்பக் கிட்டத்துல காட்டவும் மாட்டாங்க, மூணு மாடி உயர மூக்கை யாரு பார்ப்பா.

கண்ணாடி போடறவங்க, காது மெஷின் வச்சிருக்கறவங்க, கர்ப்பிணிகள்?

தூரத்துல இருக்கறதைப் பார்க்கப் போடற கண்ணாடியைக் கண்டிப்பா போட்டுக்கோங்க. மேல கீழ ரெண்டு பவர் இருக்கற கண்ணாடின்னா கீழ்ப் பாதி தொந்தரவு பண்ணும், தனி கண்ணாடி இருந்தா எடுத்துட்டுப் போங்க. காது மெஷின்ல சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கிட்டு உள்ள போங்க. மின்னற வெளிச்சத்துல வலிப்பு வர்றவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, சமீபத்துல காது ஆபரேஷன் பண்ணவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறது தான் சரி.

முதல்ல மியூசியமா, முதல்ல ஷோவா?

ஷோ. டோமுக்கு டிக்கெட் பெரும்பாலும் தனி, நேரமும் குறிச்சுக் குடுப்பாங்க, அதனால உள்ள நுழைஞ்சதும் முதல் வேலையா அதை வாங்கிடுங்க. மத்த ஹால் எல்லாம் சுத்தி கால் ஓஞ்சு போனப்புறம் போனா என்ன ஆகும்னா, அடுத்த கேள்வியைப் பாருங்க.

உள்ள தூங்கிடுவோமா?

தூங்கலாம், ரொம்ப சுலபம். நல்லா சாயற சீட்டு, ஏசி, கும்மிருட்டு, கணீர்னு மெதுவா பேசற ஒரு குரல். என் கூட வந்த ஒருத்தர் அஞ்சு மணி நேரம் மியூசியம் பூரா நடந்துட்டு கடைசி ஷோவுக்கு வந்தாரு, எரிமலை வெடிக்குது, சீட்டு அதிருது, குழந்தைங்க எல்லாம் கத்துது, அந்த சத்தத்தையும் தாண்டி குறட்டை கேட்டுது. எழுந்தப்புறம் படம் எப்படின்னு கேட்டேன், கழுத்து மட்டும் வலிக்கவே இல்லன்னாரு.